பதினான்கு சாவிகள்: செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற கூட்டத்தின் ஏழாவது தீர்மானம் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரே வரிதான்: சங்க இணையதளத்தில் செயற்குழுவினர் 14 பேருக்கும் அட்மின் அனுமதி வழங்கப்பட வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளாக இந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தீர்மானத்தை நிறைவேற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும். 14 பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பட்டியலில் 'நிர்வாகி' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது. இரண்டு வாரமாக அதைச் செய்யாமல் இருக்கிறேன். ஏன் என்று தலைவர் தொலைபேசியில் கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்று மழுப்பிவிட்டேன். அது பதில் ஆகாது என்று வைத்த பிறகுதான் உறைத்தது. பதிலை இப்போது எழுதுகிறேன். எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி திறந்தே எழுதுகிறேன். அவர்களுடைய தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். துணைச் செயலாளருக்கு இருக்கும் அதிகாரம் துணைத் தலைவருக்கு இல்லையா என்று ஒருவர் கேட்டார். அந்த நொடியிலிருந்து பேச்சு இணையதளத்தைப் பற்றியதாக இல்லை. யார் பெரியவர், யாரை யார் விட்டுவிட்டார்கள் என்பதாகிவிட்டது. யாரையும் விட்டுவிடாமல் இருக்க எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பதுதான் சுலபமான வழி. அப்படித்தான் தீர்மானம் நிறைவேறியது. யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் மரியாதையாக நினைத்துக் கொடுப்பது மரியாதை சம்பந்தப்பட்ட பொருளே இல்லை. மென்பொருள் அதைப் 'பயனர் பங்கு' என்கிறது. என்னைக் கேட்டிருந்தால் 'வேடம்' என்று மொழிபெயர்க்கச் சொல்லியிருப்பேன். ராஜா வேடம் கட்டியவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறார். கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதில்லை. தளத்தில் ஒருவருக்கு என்ன வேலை இருக்கிறதோ, அந்த வேலைக்கான வேடம். வேலை இல்லையென்றால் வேடமும் இல்லை. நிஜத்தில் அவர் யார் என்று மென்பொருளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நீங்கள் கேட்கும் ஏற்பாடு ஒரு காலத்தில் இருக்கத்தான் செய்தது. நம் தளம் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில், தொடக்க காலத்தில், ஒவ்வொரு பயனருக்கும் 0 முதல் 10 வரை ஒரு படி இருந்தது. மேலே போகப் போக அதிகாரம் கூடும். சுத்தமான ஏணி. 2005 டிசம்பரில் 2.0 பதிப்பு வந்தபோது அந்த ஏணியைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் செயல்களைத் தனித்தனி அனுமதிகளாகப் பிரித்தார்கள்: எழுதுவது, வெளியிடுவது, பிறர் எழுதியதைத் திருத்துவது, படம் ஏற்றுவது, தளத்தின் அமைப்புகளை மாற்றுவது என்று. பிறகு அவற்றை வேலைக்கு ஏற்றபடி கட்டுகளாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என்று இன்று நாம் பார்ப்பவை அவைதான்.

இதில் எனக்குப் பிடித்தது பங்களிப்பாளர். அவர் எழுதலாம், வெளியிட முடியாது. தானாகப் படம்கூட ஏற்ற முடியாது. மற்றவர்கள் திரையில் 'வெளியிடு' என்று இருக்கும் பொத்தானில், அவர் திரையில் 'மீளாய்வுக்கு அனுப்பு' என்று இருக்கும். அவர் எழுதியதைப் பதிப்பாசிரியர் வெளியிட்டுவிட்டால், அதன் பிறகு எழுதியவரே அதில் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முதலில் இதைப் படித்தபோது கொடுமை என்றுதான் நினைத்தேன். யோசித்தபோது புரிந்தது: ஒருவர் சரிபார்த்து வெளியிட்ட பக்கம், மறுநாள் யாருக்கும் தெரியாமல் வேறொன்றாக மாறிவிடக் கூடாது. எழுத்தாளர் தன்னுடையதை வெளியிடலாம், அடுத்தவருடையதைத் தொட முடியாது. பதிப்பாசிரியர் எல்லாருடையதையும் தொடலாம், ஆனால் மென்பொருளின் வயிற்றுக்குள் கைவிட முடியாது.

இப்போது நம் ஆட்களை இதில் வைத்துப் பாருங்கள். தலைவர் ஆண்டுக்கு நான்கு முறை 'தலைவர் மடல்' எழுதுகிறார். அவருக்கு வேண்டியது எழுத்தாளர் வேடம். அலுவலக உதவியாளரோ தினமும் எல்லாக் குழுக்களின் அறிவிப்புகளையும் திருத்தி வெளியிடுகிறார். அவருக்குப் பதிப்பாசிரியர் வேடம் இல்லாவிட்டால் வேலை நடக்காது. அதாவது தளத்துக்குள் தலைவரைவிட உதவியாளரின் கை நீளம். இதைச் சொல்லத்தான் தலைவரிடம் அன்று நாக்கு வரவில்லை. கணக்குத் தணிக்கையாளருக்கு வரவு செலவுப் பக்கங்கள் எல்லாவற்றையும் பார்க்க முடிய வேண்டும். ஒன்றைக்கூடத் திருத்த முடியக் கூடாது. நம் குழுவில் மூன்று பேர் இந்த ஆண்டு ஒருமுறைகூட லாகின் செய்யவில்லை. அவர்களுக்கு உறுப்பினர் பக்கங்களை வாசிக்கும் அனுமதியே தாராளம்.

நிர்வாகி என்னவெல்லாம் செய்யலாம் என்பதைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் எழுந்து சொல்லவில்லை. செருகுநிரல்கள் எனும் துணை மென்பொருள்களை நிறுவலாம். தளத்தின் நிரலையே மாற்றலாம். மற்ற நிர்வாகிகளை நீக்கலாம், என்னையும் சேர்த்து. ஒரு பயனரை நீக்கும்போது மட்டும் மென்பொருள் சற்று நின்று ஒரு கேள்வி கேட்கும்: இவருக்குச் சொந்தமான உள்ளடக்கத்தை என்ன செய்வது? கேள்விக்குக் கீழே இரண்டு சிறு வட்டங்கள். முதலாவது, எல்லாவற்றையும் நீக்கு. இரண்டாவது, வேறொருவர் பெயருக்கு மாற்று. முன்னாள் செயலாளரின் கணக்கை எடுக்கும் அவசரத்தில் முதல் வட்டத்தைத் தொட்டுவிட்டால், ஆறு ஆண்டுகளாக அவர் எழுதிய அறிவிப்புகள் அத்தனையும் தளத்திலிருந்து போய்விடும். இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் அந்தத் திரை வந்தால் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு இரண்டு முறை படிக்கிறேன். தளத்தில் என்றைக்கோ ஒருநாள் நுழைகிறவர் படிப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

திருடர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிர்வாகியின் கடவுச்சொல் ஒன்று கிடைத்தால் போதும், தளம் முழுவதும் அவர்கள் கையில். போலி மின்னஞ்சல் அனுப்புகிறவனுக்கு நம்மில் மிகவும் கெட்டிக்காரரை ஏமாற்ற வேண்டிய தேவையில்லை. 14 பேரில் அன்றைக்கு மிகவும் அசதியாக இருப்பவர் போதும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விதிமுறைப் பக்கம் காணாமல் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது நிர்வாகிக் கணக்கு 'அட்மின்' என்று ஒன்றுதான் இருந்தது. கடவுச்சொல் ஐந்து பேருக்குத் தெரியும். தேர்தல் அறிவித்திருந்த வாரம். காலையில் ஒருவர் அழைத்து, போட்டியிடுவோருக்கான தகுதி விதிகளைக் காணவில்லை என்றார். திருத்த வரலாற்றைத் திறந்தேன். நேரம் இரவு 11.42. பயனர்: அட்மின். இடது பக்கம் முந்தைய பதிப்பில் பத்துப் பத்திகள், வலது பக்கம் புதிய பதிப்பில் ஒரே பத்தி. யாரோ கைபேசியில் ஒரு பகுதியை நகலெடுக்கப் போய் வெட்டியிருக்கிறார், பதறிப்போய் 'புதுப்பி'யை அழுத்தியிருக்கிறார். என் கணிப்பு அவ்வளவுதான். பக்கத்தை மீட்க இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து பேரில் யார் என்ற பேச்சு அடங்க மூன்று வாரம் ஆயிற்று. வேண்டுமென்றே செய்த சதி என்று ஒரு தரப்பு, அந்தக் குற்றச்சாட்டே சதி என்று இன்னொரு தரப்பு. அவர்களில் இருவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தவறு செய்தவர் பெயர் அந்த வரியில் இருந்திருந்தால், "ஐயோ, நான்தான், தெரியாமல் அழுத்திவிட்டேன்" என்று ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். தனித்தனிக் கணக்கு வேண்டும் என்று நான் அடம்பிடித்தது ஆளைப் பிடிக்க அல்ல. பழி தவறான ஆள் மேல் விழாமல் இருக்க.

இந்தக் கதை புதிதும் அல்ல. 1960களின் நடுவில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சி.டி.எஸ்.எஸ் என்ற கணினி அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடியதாக எழுந்த முதல் அமைப்புகளில் ஒன்று. கடவுச்சொல் கேட்டு உள்ளே விட்ட முதல் அமைப்புகளில் ஒன்றும்கூட. ஒருநாள் ஒரு நிர்வாகி, உள்ளே வருபவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரம் இன்னொரு நிர்வாகி கடவுச்சொற்கள் உள்ள கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரும் வேலை செய்தது ஒரே இடத்தில். திருத்தும் மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைக்கும். ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் இருப்பார் என்று நினைத்து அதை எழுதியிருந்தார்கள். இரண்டு கோப்புகளும் இடம் மாறின. அதன் பிறகு உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அவரவர் தட்டச்சு முனையத்தில் அச்சாகி வந்தன. அந்த அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பட்டோ, கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் இதைத் தானே சொன்னார். வெளியாள் யாரும் வரவில்லை, யாரும் எதையும் உடைக்கவில்லை. முழு அனுமதி உள்ள இரண்டு நல்லவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினியில் தகவலைக் காப்பது பற்றி எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு பயனரும் தன் வேலையை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த அனுமதியோடு இயங்க வேண்டும் என்பதை ஒரு கொள்கையாக வைத்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தை நம் குழுவில் சிலர் கவனிக்க வேண்டும்: விபத்திலோ பிழையிலோ வரும் சேதம் குறையும். ஆட்களின் நேர்மையைப் பற்றிய பேச்சாக அதை அவர்கள் தொடங்கவில்லை. 1992இல் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் இந்தப் பங்கு முறைக்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். அனுமதி ஆளோடு ஒட்டுவதில்லை, பங்கோடு ஒட்டுகிறது. ஆள் பங்குக்குள் வருகிறார், போகிறார். பொருளாளர் மாறினால் பழையவரை அந்தப் பங்கிலிருந்து எடுத்துப் புதியவரை வைத்தால் போதும். யாருக்கு எந்தக் கோப்பைத் திறந்துவிட்டோம் என்று நினைவைத் துழாவ வேண்டாம். இரண்டு தேர்தல்களுக்கு முன் பதவி விலகியவர் சென்ற மாதம்வரை நம் தளத்தில் குழுப் பக்கங்களைப் பார்க்கும் அனுமதியோடு இருந்தார் என்பது, என் கவனக்குறைவுக்கான சாட்சி. அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கே அது தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் திருத்துவதைப் பற்றி. கூட்டத்திலும் ஒரு மணி நேரம் அதைத்தான் பேசினீர்கள். யார் பார்க்கலாம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு உண்மையில் தூக்கம் கெடுவது அதனால்தான். திருத்தியதைத் திரும்பப் பெறலாம்: வரலாறு இருக்கிறது, காப்பு நகல் இருக்கிறது, மோசமான நாளில்கூட ஓர் இரவு வேலைதான். பார்த்ததை எப்படித் திரும்பப் பெறுவது?

நிர்வாகி என்றால் எல்லாவற்றையும் பார்ப்பவர். உறுப்பினர் பட்டியல், யார் சந்தா பாக்கி, யார் மேல் என்ன புகார், இன்னும் முடிவாகாத தீர்மானங்களின் வரைவுகள், எல்லாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் குறிப்பில் பெயர் இருக்கும் ஒருவரும் செயற்குழுவில் இருக்கலாம் அல்லவா? ஏழாவது தீர்மானத்தின்படி, அவரைப் பற்றிய புகாரை, புகார் கொடுத்தவர் பெயரோடு, அவரே படிக்கலாம். நான் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதை உங்களில் இருவர் அறிவீர்கள்.

வரைவுகள் என்றதும் 2003 ஏப்ரலில் சி.என்.என் இணையதளத்துக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறது. அப்போது உயிரோடு இருந்த பெரும்புள்ளிகளுக்கான அஞ்சலிப் பக்கங்களை முன்கூட்டியே வடிவமைத்து வைத்திருந்தார்கள். அவை இருந்த இடத்துக்குப் பூட்டு இல்லை, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். மாதிரியாக எடுத்த பக்கம் அப்போதைய இங்கிலாந்து ராணியின் தாயாருடையது. விளைவு, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செய்னியின் பக்கம் அவரை பிரிட்டனின் பிரியமான பாட்டி என்று புகழ்ந்தது. சிரித்துவிட்டுப் போகலாம். நம் தளத்திலும் இப்படி அரைகுறையாகக் கிடக்கும் வரைவுகள் 60க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் சிரிக்க முடியாதவையும் உண்டு.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று நம்மிடம் இருந்தது. கூட்டக் குறிப்புகள் பக்கம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தேன். லாகின் செய்யாமல் போனால் வாசலிலேயே நிறுத்திவிடும். நான் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் ஓர் உறுப்பினர் வேறு ஏதோ காரணத்துக்காகத் தன் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் வந்து நின்றது நம் கூட்டக் குறிப்பு, பி.டி.எஃப் வடிவில். அவர் சந்தா கட்டத் தாமதமானதையும், அதற்கு அவர் சொன்ன குடும்பக் காரணத்தையும் நாம் விவாதித்த பத்தி. பக்கத்தைத்தான் நான் பூட்டியிருந்தேன். பக்கத்தில் இணைத்த கோப்பு, ஏற்றிய கோப்புகளுக்கான பொதுக் கிடங்கில் திறந்த வெளியில் கிடந்தது. அதன் முகவரி தெரிந்தவர் யாரும் எடுக்கலாம். எவரோ அந்த முகவரியை வேறெங்கோ ஒட்ட, தேடுபொறி வழி கண்டுபிடித்து வந்துவிட்டது. அவர் என்னிடம் கோபப்படவில்லை. "இதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதே பள்ளத்தில் என்னைவிடப் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள் என்பது பிறகு கிடைத்த ஆறுதல். 2019இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் தளத்தில், முகவரியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டினாலோ குறைத்தாலோ அடுத்தவருடைய வீட்டுக் கடன் ஆவணம் திறந்தது. லாகின் எதுவும் கேட்கவில்லை. அப்படித் திறந்து கிடந்தவை ஏறத்தாழ 88.5 கோடிக் கோப்புகள். 2025 நவம்பர் 26 அன்று பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், நிதியமைச்சர் பேசி முடித்த பிறகு வெளியிட வேண்டிய அறிக்கையைத் தன் தளத்தில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தது. எங்கிருந்தும் இணைப்பு கொடுக்கவில்லை. ஆனால் முந்தைய அறிக்கையின் முகவரியைப் பார்த்து இதன் முகவரியை ஊகித்துவிட்டார்கள். அமைச்சர் பேச எழுவதற்கு முன்பே பட்ஜெட் செய்தியாகிவிட்டது. சில நாட்களில் அந்த அலுவலகத்தின் தலைவர் பதவி விலகினார். அவர்களுடைய தளமும் அப்போது வேர்ட்பிரஸில் ஓடியதுதான்.

ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு என்று நம் தொழில்நுட்பக் குழுவிலும் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. மெனுவிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டால் பக்கம் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பொத்தானை மறைத்தால் செயல் நின்றுவிடாது. பொத்தான் இல்லாமலே அந்தச் செயலைக் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேடுபொறிகளுக்கு எழுதி வைக்கும் 'இங்கே வராதே' கோப்பும் பூட்டு இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற இயந்திரங்கள் விலகிப் போகும். கேட்காதவற்றுக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். ஒவ்வொரு முறை ஒருவர் ஒன்றைக் கேட்கும்போதும், இவர் யார், இதைப் பார்க்க இவருக்கு அனுமதி உண்டா என்று சர்வர் கேட்டுப் பார்க்க வேண்டும். இதையும் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975லேயே எழுதி வைத்துவிட்டார்கள். இன்னும் உலகம் கற்றபாடில்லை. வலைச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2017 பட்டியலில் ஐந்தாவதாக வைத்திருந்த அனுமதிக் கோளாறுகளை 2021இல் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது.

நல்ல மென்பொருள்கள் பார்ப்பதையும் திருத்துவதையும் தனித்தனியாகவே கேட்கின்றன. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில், 2011இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து, ஒரு பக்கத்தை யார் காணலாம் என்பதற்கு ஒரு வரிசை, யார் என்ன செய்யலாம் என்பதற்கு வேறொரு வரிசை. நம் தளத்திலும் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ய முடியும். அதோடு இன்னொன்று: அனுமதி இல்லாதவருக்கு "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று சொல்வதா, "அப்படி ஒரு பக்கமே இல்லை" என்று சொல்வதா? புகார்ப் பக்கங்களுக்கு நான் இரண்டாவதையே வைக்கப் போகிறேன். அனுமதி இல்லை என்று சொன்னாலே, உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இத்தனையும் படித்துவிட்டு, "சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்" என்று ஒருவராவது நினைப்பீர்கள். அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவன் நானேதான். விதிமுறைப் பக்கச் சண்டைக்குப் பிறகு எல்லாத் திருத்த அனுமதிகளையும் சுருட்டி என் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 11 நாள் மருத்துவமனையில் கிடந்தேன். பொதுக்கூட்டத் தேதி தளத்தில் தவறாக இருந்தது. அதை மாற்ற யாருக்கும் வழியில்லை. பழைய தேதியை நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் இருந்தார்கள். அதன் பிறகுதான் சிலர் என் கணக்கின் கடவுச்சொல்லை அவசரத்துக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள், நானும் கொடுத்தேன். பூட்டை இறுக்கியதன் பலன், மீண்டும் பகிர்ந்த கடவுச்சொல். சால்ட்சரும் ஷ்ரோடரும் வைத்த கொள்கைகளில் இதற்கும் ஒன்று உண்டு: பாதுகாப்பு ஏற்பாடு மனிதர்கள் இயல்பாகப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். அந்த வழியை நானே திறந்துவிட்டேன்.

திருத்துவதில் தாராளமாக இருக்கலாம் என்பதற்கு விக்கிப்பீடியாவே சான்று. அங்கே பெரும்பாலான பக்கங்களை யாரும் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் இருக்கிறது, கெடுத்ததை ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கலாம். அடிக்கடி சிதைக்கப்படும் பக்கங்களுக்கு மட்டும் வேலி. ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த வேலியின் முதல் படியைத் தாண்ட, கணக்கு தொடங்கி 4 நாளும் 10 திருத்தங்களும் ஆகியிருந்தால் போதும். அதனால் நிகழ்ச்சி அறிவிப்புகளையும் நினைவுக் கட்டுரைகளையும் இப்போது இருப்பதைவிட அதிகம் பேர் திருத்தட்டும் என்றுதான் சொல்கிறேன். செயற்குழுவில் இல்லாத நம் இளைஞர்கள் இருவர் என்னைவிட நன்றாக எழுதுகிறார்கள். அவர்களைப் பதிப்பாசிரியராக்க இன்றே தயார். இறுக்க வேண்டியது பார்வையைத்தான்.

எனவே நான் கேட்பது இது. நிர்வாகிகள் இரண்டு பேர் இருக்கட்டும், மூன்றாவது ஆள் வேண்டாம். ஒருவர் நான், மற்றவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், எனக்குப் பிடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. இருவரும் அன்றாட வேலைக்குச் சாதாரணப் பதிப்பாசிரியர் கணக்கையே பயன்படுத்துவோம். நிர்வாகிக் கணக்கைத் தேவைப்படும்போது மட்டும் திறப்போம், கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் இரண்டாவது எண்ணையும் இட்டு. உறுப்பினர் விவரங்கள் செயலாளரும் அலுவலக உதவியாளரும் மட்டும் பார்ப்பவையாக இருக்கட்டும். புகார்கள் அந்தந்தப் புகாரை விசாரிப்பவர்களுக்கு மட்டும். பொறுப்பிலிருந்து ஒருவர் விலகினால் அன்று மாலையே அனுமதி போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், என் பெயர் உட்பட. கூட்டக் குறிப்புக் கோப்புகளை லாகின் கேட்கும் இடத்துக்கு மாற்றும் வேலையில் பாதியை முடித்துவிட்டேன். மீதி இந்த வாரத்தில் முடியும்.

இந்த மடலோடு ஒரு தாள் இணைத்திருக்கிறேன். இடது பக்கம் உங்கள் 14 பேரின் பெயர்கள். எதிரே காலியிடம். உங்கள் பதவியை அங்கே எழுத வேண்டாம்; அது எனக்குத் தெரியும். சென்ற மூன்று மாதத்தில் தளத்தில் நீங்கள் செய்த வேலையை, அல்லது அடுத்த மூன்று மாதத்தில் செய்யப் போகும் வேலையை, ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். எழுதிய வரிக்கு என்ன அனுமதி வேண்டுமோ, அதை அன்றே தருகிறேன். அடுத்த கூட்டம்வரை ஏழாவது தீர்மானத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அது தவறென்றால் என்னை நீக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படி நீக்கும்போது திரையில் வரும் இரண்டு வட்டங்களில், தயவுசெய்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் இணையதளப் பொறுப்பாளர்